தைலம் தடவினால் படர்தாமரை போகுமா?

கேள்வி: என் கணவருக்கு ஆறு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் தந்த க்ரீம் போட்டால் நாலே நாளில் அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகப் படர்கிறது. டீ ட்ரீ ஆயில் வாங்கி வைத்திருக்கிறேன். அப்படியே தடவலாமா டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தைலத்தை அப்புறம் பார்க்கலாம் அம்மா, முதலில் அந்த ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெடசால், பீட்டாமெதசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அரிப்பும் சிவப்பும் அடங்கும், படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கோ கொண்டாட்டம். வட்டத்துக்குள் வட்டமாக வரி விழுந்திருந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு செய்த வேலைதான். இந்த ட்யூபோடு வராத படர்தாமரைக்காரரை என் கிளினிக்கில் பார்ப்பதே அபூர்வம்.

டீ ட்ரீ ஆயில் ஒன்றுமில்லாத சரக்கு என்று சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலிய மரம் அது. அதன் தைலத்தில் உள்ள ‘டெர்பினென்-4-ஆல்’ என்ற பொருள் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைக்கும். அந்த நாட்டிலேயே கால்விரல் இடுக்குச் சேற்றுப்புண் உள்ள 158 பேரிடம் சோதித்து 2002-இல் முடிவு வெளியிட்டார்கள். 50 சதவீதக் கரைசலை நாலு வாரம் போட்டவர்களில் 64 சதவீதம் பேருக்குப் பூஞ்சை போனது. மருந்தில்லாத வெறும் கரைசலிலேயே 31 சதவீதம் பேருக்குப் போயிருக்கிறது. தைலம் போட்ட நாலு பேருக்குத் தோல் மோசமாக அழன்றுவிட்டது. விரல் இடுக்கிலேயே இப்படி என்றால், மெல்லிய தொடை இடுக்குத் தோலில் நீர்க்காத தைலமா? வேண்டவே வேண்டாம். திறந்து வைத்த பழைய பாட்டில் இன்னும் மோசம். காற்றுப் பட்டுப்பட்டு ஒவ்வாமை தரும் பொருள்கள் அதில் கூடிவிடும்.

இப்போது நம் ஊரில் பரவும் பூஞ்சை (ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே) டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கே பல சமயம் மசிவதில்லை. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பெரும்பாலும் இட்ராகொனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்து தருவார். துண்டு தனி, உள்ளாடை வெயிலில். ஈர ஜீன்ஸோடு பைக்கில் சுற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கும் அரிப்பு உண்டா என்று எழுதவில்லையே? இருந்தால் சேர்ந்தே போங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சிரங்கு. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுகிறேன். இயற்கைதானே?
– பாட்டி ஒருவர், தென்காசி

பதில்: இன்றே நிறுத்துங்கள் அம்மா. கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போகும். சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். இயற்கை என்கிறீர்களே, நூறு வருஷம் முன்னால் கொக்கிப்புழுவுக்குச் செனோபோடியம் செடியின் தைலத்தைத்தான் குடிக்கக் கொடுத்தார்கள், இலங்கைத் தோட்டத்து நம் மக்களுக்கும். புழு செத்தது, அளவு கொஞ்சம் கூடினால் ஆளுக்கே ஆபத்தானது.

சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீம். டாக்டர் சொல்படி, வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அதன் பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். தோலுக்குள் இருந்து சிரங்கை உண்டாக்கிய பூச்சி செத்தபின் விட்ட மிச்சம் அது. பயந்துபோய்த் தினமும் பூசாதீர்கள்.