பிள்ளைகளின் கோடை வகுப்புக்குத் தவணைக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் கும்பகோணத்தில் வேலை பார்க்கிறோம். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அவர் டூவீலர் ஷோரூமில். இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 50,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 13,000, மகள் பெயரில் செல்வமகள் கணக்குக்கு 1,500, குடும்பச் செலவு எல்லாம் போக 5,000 மிஞ்சும். வங்கியில் 45,000 இருக்கிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. பள்ளி மூடியதும் ஐந்து வாரம், காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதுதான் கவலை. மகளுக்கு ஆன்லைன் கோடிங் (ஒரு வருடம், மாதம் 2,000 வீதம் வட்டியில்லாத் தவணை, மொத்தமாகக் கட்டினால் 21,000 என்றார்கள்), ரோபாட்டிக்ஸ் முகாம் 4,500, கீபோர்டு 3,000. மகனுக்கு அபாகஸ் 3,500, கராத்தே உடுப்போடு 3,500. மொத்தம் 38,500. ஜூனில் பள்ளிக் கட்டணம் 30,000. நோட்டு, சீருடை, வேன் முன்பணம் 6,000. குறுவை நெல் சாகுபடிக்கு மாமியாருக்கு வருஷாவருஷம் 8,000 கொடுப்போம். அவர் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். பிள்ளைகளை அனுப்பச் சொல்கிறார். அனுப்பினால் டி.வி., செல்போன் என்று பொழுது வீணாகும் என்று பயமாக இருக்கிறது. கோடிங்குக்குத் தவணை போட்டுவிட்டு மற்றதைச் சேமிப்பிலிருந்து கட்டலாமா? செல்வமகளை மூன்று மாதம் நிறுத்தலாமா? இல்லை, ஒரு செயினை அடகு வைக்கலாமா?

பதில்: ஜூன் மாதக் கணக்கை நீங்களே எழுதி அனுப்பியிருப்பதால் பாதி வேலை முடிந்தது. டெல்டாவில் ஜூன் என்றால் இரண்டு பக்கமும் பணம் போகும். 12-ம் தேதி மேட்டூர் அணை திறப்பதை எதிர்பார்த்து விதை, உழவு என்று ஒருபுறம்; பள்ளிக்கூட வாசலில் மறுபுறம். இந்த இரண்டையும் எடுத்து வைக்காமல் மே மாதத்தில் ஒரு ரூபாயும் தொடக் கூடாது. 30,000, 6,000, 8,000 மூன்றும் சேர்ந்து 44,000. உங்களிடம் இருப்பது 45,000. மிச்சம் ஆயிரம். ஏப்ரல், மே சம்பளத்தில் மிஞ்சும் பத்தாயிரத்தையும் சேர்த்தால் 11,000. காய்ச்சல், சளி என்று வந்தால் இரண்டாயிரம் கையில் வேண்டும். ஆக, இந்தக் கோடைக்கு உங்களால் செலவழிக்க முடிந்தது 9,000 ரூபாய். நீங்கள் போட்ட பட்டியல் அதைப் போல நான்கு மடங்குக்கு மேல்.

முதலில் அந்தக் கோடிங் தவணை. அது கட்டணத் தவணை போலத் தோன்றும். பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன் அது. வட்டியில்லை என்கிறார்கள், மொத்தமாகக் கட்டினால் 21,000, தவணையில் 24,000 என்றும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த மூவாயிரம்தான் வட்டி. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 25 சதவீதம். உங்கள் வீட்டுக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட என்னை உறுத்துவது வேறு. ஜூனில் பள்ளி திறந்து, வீட்டுப்பாடம் குவிந்து, பிள்ளை வகுப்பில் உட்காருவதை நிறுத்திவிட்டாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் அது உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் பதிவில் ஏறும். நாளைக்கு வீட்டுக்கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போனால் இந்த இரண்டாயிரம் ரூபாய்த் தவணை குறுக்கே வந்து நிற்கும்.

ஒருவேளை ஓடிபி சொல்லிக் கடன் பதிவாகிவிட்டது என்றால் பயப்படாதீர்கள், தாமதிக்கவும் செய்யாதீர்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எதுவானாலும் முக்கிய விவர அறிக்கை ஒன்றை, உங்களுக்குப் புரியும் மொழியில், கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். ஆப் வழியாக வாங்கிய கடனாக இருந்தால், அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதிலேயே இருக்கும். அசலையும் அத்தனை நாளுக்கான வட்டியையும் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கி, இன்றைக்கே படியுங்கள்.

செல்வமகள் கணக்கில் ஒரு நிதியாண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் போட்டால் போதும், அபராதம் வராது. அதனால் மூன்று மாதம் நிறுத்துவது விதிப்படி தவறில்லை. ஆனாலும் நிறுத்த வேண்டாம் என்பேன். 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 15 ஆண்டு பணம் போடுகிற திட்டத்தில், ஏப்ரலில் போடும் பணத்துக்குத்தான் அந்த ஆண்டின் வட்டி முழுதாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் கட்டுங்கள். தவறினால் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடையாது.

செயின் வேண்டாம். கோடை வகுப்புக்கு நகை பெட்டியைவிட்டு வெளியே வரக் கூடாது.

இனி உங்கள் கடிதத்தில் உண்மையான கேள்விக்கு வருகிறேன். "பிள்ளைகளை யாரிடம் விடுவது" என்று எழுதிவிட்டு, அதற்கு விடையாக வகுப்புகளை அடுக்கியிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் பெற்றோரிடம் ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்க்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஒரு செலவு, பிள்ளை கற்றுக்கொள்வது இன்னொரு செலவு. இரண்டையும் ஒரே பணத்தில் முடிக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும். மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம்: 270 மணி. இதில் மகளுக்கு மட்டும் பார்த்தால், ரோபாட்டிக்ஸ் பத்து நாள் இரண்டு மணி நேரம் என்றால் 20, கீபோர்டு பன்னிரண்டு வகுப்பு 12, கோடிங் வாரம் இரண்டு மணி வீதம் 10. மொத்தம் 42 மணி. பாக்கி 228 மணி நேரத்துக்கு 38,500 கட்டிய பிறகும் உங்களிடம் விடை இல்லை. போதாததற்கு நடு வெயிலில் பிள்ளையை ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கு யார் கூட்டிப் போவது?

எனவே முதலில் ஆள் ஏற்பாடு. இரண்டு வாரம் வலங்கைமான் பக்கம், பாட்டி வீட்டில். கும்பகோணத்திலிருந்து எட்டும் தூரம்தானே. நினைத்த மாலை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே பிள்ளைகளுக்கு ஆகும் சாப்பாட்டுச் செலவு உங்கள் வீட்டில் மிச்சமாகும் பால், மளிகைப் பணம்தான். அதைக் கணக்கிட்டு மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். பாட்டி பார்த்துக்கொள்வது இலவசம் என்று நினைக்கக் கூடாது. மீதி மூன்று வாரம், 18 நாள், அதே தெருவில் நம்பிக்கையான ஒரு அக்காவிடமோ, விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பெண்ணிடமோ கேளுங்கள். நாளுக்கு 200 ரூபாய் என்று முன்கூட்டியே பேசிக் கொடுங்கள், 3,600 ஆகும். மதியச் சாப்பாட்டை நீங்கள் சமைத்து வைத்துவிட்டுப் போகலாம். உங்களைப் போலவே வேலைக்குப் போகும் இன்னொரு குடும்பம் பக்கத்தில் இருந்தால் செலவைப் பாதியாக்கலாம்.

வகுப்பு பிள்ளைக்கு ஒன்று போதும். மகளுக்குக் கீபோர்டு, ஜூனுக்குப் பிறகும் வாரம் ஒரு நாள் தொடர முடியும் என்பதால். கருவியை இப்போது வாங்காதீர்கள். மகனுக்குக் கராத்தே, உடுப்பை ஒரு மாதம் கழித்து வாங்கிக்கொள்கிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லுங்கள், 2,000-தோடு முடியும். அவனுக்கு அபாகஸ்தான் பிடிக்கும் என்றால் அதுவே இருக்கட்டும், 1,500 கூடும், கையில் வைத்த இரண்டாயிரத்திலிருந்து எடுக்க வேண்டிவரும். ஆக வகுப்புக்கு 5,000, ஆளுக்கு 3,600, நூலகச் சந்தாவுக்கும் பேருந்துக்கும் 400. ஒன்பதாயிரத்துக்குள் அடங்கிவிட்டது.

கட்டணத்தைப் பாதி பாதியாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். மேலே ஜிஎஸ்டி என்று கேட்டால் பதிவு எண் அச்சிட்ட பில் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது. இந்த வகுப்புக் கட்டணங்களுக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. பழைய வரி முறையிலும் பள்ளி, கல்லூரியின் முழுநேரக் கல்விக் கட்டணத்துக்குத்தான் கழிவு உண்டு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் வாசகர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாம் பற்றி மாவட்ட விளையாட்டு அரங்கில் ஏப்ரலிலேயே விசாரியுங்கள்.

பாட்டி வீட்டில் பொழுது வீணாகும் என்ற பயத்துக்கு வருவோம். குறுவைக்கு முந்தைய மே மாதம் ஒரு விவசாய வீட்டில் பணம் எப்படி நகர்கிறது என்பது எந்த முகாமிலும் கிடைக்காத பாடம். மகளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். ஆடுதுறை 43 விதைநெல் எத்தனை கிலோ, என்ன விலை, டிராக்டருக்கு மணிக்கு எவ்வளவு, நடவுக்கு எத்தனை ஆள், போன குறுவையில் எத்தனை மூட்டை கண்டது, கொள்முதல் நிலையத்தில் என்ன விலை கிடைத்தது என்று பாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதட்டும். பதினோரு வயதில் வரவு செலவு எழுதத் தெரிந்த பெண்ணுக்கு, பிற்பாடு வட்டியில்லாத் தவணை என்று யாரும் போக்குக் காட்ட முடியாது. மாமியார் பெயரில் பட்டா இருந்தால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் எடுக்கிறாரா? உரிய தேதிக்குள் திருப்பிக் கட்டினால் வட்டியை அரசே ஏற்கிறது. அது கிடைத்தால் ஜூனில் நீங்கள் கொடுக்கும் 8,000-மும் உங்களிடமே தங்கலாம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். நீச்சல். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் அரசலாறு என்று இரண்டு ஆற்றுக்கு நடுவில் உங்கள் ஊர். மாமியார் ஊர்ப் பக்கம் குடமுருட்டியும் வாய்க்கால்களும். இந்த மண்ணில் வளர்கிற பிள்ளைக்குக் கோடிங் தெரியாவிட்டால் பிறகு கற்றுக்கொள்ளலாம். நீச்சல் அப்படியில்லை. ஜூனில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு முன் தொடங்க வேண்டும். உங்கள் கணவருக்கு நீச்சல் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய், இடுப்பளவு தண்ணீருள்ள பம்ப்செட் தொட்டியில், கைப்பிடியிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கட்டும். பெரியவர் இல்லாமல் தொட்டிப் பக்கமும், மணல் அள்ளிய பள்ளம் பக்கமும் பிள்ளைகள் போகவே கூடாது என்று பாட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது என்றால், கராத்தேயை விட்டுவிட்டு அந்த 2,000-த்தில் முறையான பயிற்சிக் குளம் தேடுங்கள்.

அடுத்த கோடைக்கு ஜூலையிலேயே வங்கியில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்கள். பத்து மாத ஆர்.டி. என்றால் ஏப்ரல் வரை பத்துத் தவணை, வட்டியோடு பத்தாயிரத்துக்கு மேல் கையில் வரும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுக்கானது, இதற்குப் பொருந்தாது. அன்றைக்கு மகளையும் வங்கிக்குக் கூட்டிப் போங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள், வங்கி வைக்கும் வரம்புக்குள், தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பணம் கட்டும் சீட்டை அவளே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.