குவைத் மெடிக்கலுக்கு முதல்: 3 கிழமையில வந்த எச்.ஐ.வி நெகட்டிவை நம்பலாமா?

புதுக்குடியிருப்புத் தம்பி ஒராள், வயசு 26, ஏஜென்சிக்குக் காசு கட்டியாச்சு, அடுத்த மாசம் குவைத்துக்கு மெடிக்கல். 3 கிழமைக்கு முதல் கொழும்பில ஒரு தொடர்பு, கொண்டம் பாவிக்கேல்ல. தனியார் லாப்பில செய்த எச்.ஐ.வி டெஸ்ட் நெகட்டிவ். "உலகத்தில குறையுது எண்டினம், இலங்கையில கூடுது எண்டினம், எது சரி? நான் தப்பிட்டனா? கிளினிக் போனா ஊருக்குத் தெரிஞ்சிடுமா?" எண்டு கேக்கிறார்.

3 கிழமை நெகட்டிவ் நல்லது தான், ஆனா அதோட கணக்கு முடியேல்ல. கிருமியின்ர புரதத்தையும் அதுக்கு எதிரா உடம்பு செய்யிற ஆன்டிபொடியையும் சேர்த்துத் தேடுற புது லாப் டெஸ்டுக்கே தொடர்பு நடந்த நாளில இருந்து 45 நாள் வேணும், விரலில குத்திப் பாக்கிற ரேப்பிட் கிட் எண்டா 90 நாள். அதுவரைக்கும் கொண்டம் இல்லாம ஒருத்தரோடயும் வேண்டாம், ரத்ததானமும் வேண்டாம். இடையில காய்ச்சல் வந்தா உடன எச்.ஐ.வி எண்டு நினைச்சு நித்திரையை விடாதேங்கோ, வன்னியில காய்ச்சலுக்கு டெங்கு, எலிக்காய்ச்சல் எண்டு வேற கன காரணம் இருக்கு, காய்ச்சலுக்கு டொக்டரைப் பாருங்கோ, எச்.ஐ.விக்கு டெஸ்ட் தான்.

72 மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா 28 நாள் குடிக்கிற தடுப்புக் குளிசை தந்திருப்பினம், பெப் எண்டு சொல்லுறது. உங்களுக்கு அது கடந்திட்டுது. ஆனா இதை உங்கட கூட்டாளிப் பெடியளுக்கும் சொல்லி வையுங்கோ, கனபேருக்கு இப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது.

குறையுதா கூடுதா எண்டா ரெண்டும் சரி. 2010ல உலகத்தில புதுசா 20 லட்சத்துக்கு மேல தொற்று, 2023ல 13 லட்சம். பெரிய இறக்கம் கிழக்கு, தெற்கு ஆபிரிக்காவில, எச்.ஐ.வி உள்ள ஆக்களுக்கான சிகிச்சைக் குளிசை கனபேருக்குப் போய்ச் சேர்ந்ததால. ஒழுங்கா குடிச்சு ரத்தத்தில கிருமி தெரியாத அளவுக்கு வந்த ஆளிட்ட இருந்து உடலுறவால தொற்றாது. அதே காலத்தில மத்திய கிழக்கு, வட ஆபிரிக்காப் பக்கம் புதுத் தொற்று ரெண்டு மடங்காகிட்டு, நீங்கள் போற பக்கம் தான் தம்பி. இலங்கையில வளர்ந்த ஆக்களில எச்.ஐ.வி உள்ளவை 0.1 வீதத்துக்கும் குறைவு, தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போறதை ஒழிச்சதுக்கு 2019ல உலக சுகாதார ஸ்தாபனத்தின்ர சான்றிதழும் கிடைச்சது, எண்டாலும் 2023ல புதுசா பதிவானது 700க்குக் கிட்ட, முந்தின வருசத்தை விடக் கூட. டெஸ்ட் கூடினதும் ஒரு காரணம். நாட்டில குறைவு எண்டதால கொண்டம் இல்லாத ஒரு ராத்திரி பாதுகாப்பாகிடாது, அதைத் தான் கனபேர் பிழையா விளங்கிக்கொள்ளினம்.

கிளினிக்குக்கு வாறன். அரசாங்க எஸ்.டி.டி கிளினிக்கில, அதாவது பாலியல் நோய்க் கிளினிக்கில காசில்ல, கடிதம் தேவையில்ல, விபரத்தை ரகசியமா வைச்சிருப்பினம். பக்கத்தில தெரிஞ்ச முகம் இருக்கும் எண்டு பயந்தா வவுனியாவுக்குப் போங்கோ, உங்கட மாவட்டத்தில தான் செய்யோணும் எண்டு சட்டம் இல்ல. இதை வெளிநாட்டு மெடிக்கலுக்கு முதல் செய்யிறது தான் என்ர புத்திமதி, ஏனெண்டா மெடிக்கல் சென்டரில பொசிட்டிவ் வந்தா வளைகுடா விசா கிடைக்காது, அங்க வச்சுப் பதறிக்கொண்டு அறியிறதை விட, பக்கத்தில இருந்து விளக்கிச் சொல்லி மருந்தும் தொடங்கித் தாற இடத்தில அறியிறது மேல். மெடிக்கல் திகதி 45 நாளுக்கு முதல் வருதெண்டா ஏஜென்சியிட்ட கொஞ்சம் தள்ளிக் கேளுங்கோ, காரணம் சொல்லத் தேவையில்ல. போகேக்க சிபிலிசையும், அதுவும் உடலுறவால தொற்றுற நோய் தான், சேர்த்துப் பாக்கச் சொல்லுங்கோ, அது இருந்தா ஊசியோட மாறிடும்.