ஓவனின் உவமைகளைக் கட்டுரையில் எப்படிக் கையாள்வது?

வணக்கம். முதல் உலகப் போரில் போரிட்ட ஆங்கிலக் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவனின் ‘டுல்சே எட் டெகோரும் எஸ்ட்’ கவிதையிலுள்ள உவமைகளையெல்லாம் பட்டியலிட்டும், வீரர்களின் துன்பம் எங்கே என்று ஆசிரியர் கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வோர் உவமையும் உடலை என்ன செய்கிறது என்று பாருங்கள். தொடக்கத்திலேயே இளைஞர்கள் மூட்டை சுமக்கும் முதிய பிச்சைக்காரர்களைப் போலக் கூனி, கிழவிகளைப் போல இருமியபடி சேற்றில் நடக்கிறார்கள். அணிவகுப்பின் மிடுக்கு அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. அடுத்து நச்சுப்புகை வருகிறது. முகமூடியின் மங்கிய கண்ணாடி வழியே எல்லாம் பச்சைக் கடலாகத் தெரிய, முகமூடியை உரிய நேரத்தில் மாட்ட முடியாத ஒருவன் அக்கடலில் மூழ்குகிறான். என் பார்வையில் கவிதையின் உச்சம் இதுவே. குளோரின் போன்ற வாயுக்கள் நுரையீரலில் நீர் கோக்கச் செய்து மூச்சை அடைப்பவை என்பதை அறிந்தவருக்கு, அந்த மூழ்குதல் வெறும் அலங்காரமாகத் தோன்றாது. அக்காட்சி கவிஞரின் கனவுகளில் மீண்டும் மீண்டும் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1917இல் எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் போர் அதிர்ச்சிக்குச் சிகிச்சை பெற்ற காலத்தில்தான் அவர் இதை எழுதினார். தாய்நாட்டுக்காக இறப்பது இனிது என்னும் பண்டைய ரோமானியக் கவிஞர் ஹோரேஸின் இலத்தீன் வரியை (கவிதையின் தலைப்பும் இதிலிருந்து வந்ததே) அவர் இறுதியில் பொய் என்று சாடும்போது, வண்டியில் எறியப்பட்ட அவ்வீரனின் நுரையீரலிலிருந்து நுரைத்து வரும் இரத்தமே அதற்குச் சாட்சியாவதைக் கடைசிப் பத்தியில் விளக்கலாம்.