நம்ம ஆள் ஜெயித்தால் போதுமா?

கேள்வி: ‘சாதியைப் பார்க்காதீர்கள், வட்டாரத்தின் வளர்ச்சியைப் பார்த்து வாக்களியுங்கள்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதுவது எளிது. எங்கள் பக்கத்தில் நம்ம ஆள் எம்.எல்.ஏ.வாக இருந்தால்தான் கலெக்டர் ஆபீசில் மனு நகரும். வன்னியர்களுக்கு இட ஒதுக்கீடு கிடைத்ததே சாதியாக ஒன்றுசேர்ந்ததால்தான். மொரப்பூர்–தருமபுரி ரயில், சிப்காட் தொழிற்பேட்டை என்று எல்லாக் கட்சியும்தான் சொல்கிறது, எதுவும் வந்தபாடில்லை. மற்றவர்கள் விடாதபோது நாங்கள் மட்டும் ஏன் சாதியை விட வேண்டும்?
– வாசகர் ஒருவர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தில் வலுவான வாதம் இட ஒதுக்கீட்டைப் பற்றியதுதான் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் வட மாவட்டங்களில் ஒரு வாரம் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு வந்த 1989 சட்டமன்றத் தேர்தலை வன்னியர் சங்கம் புறக்கணித்தது. அந்தத் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவை உருவாக்கி, வன்னியர்களையும் சீர்மரபினரையும் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்கு 20 விழுக்காட்டை ஒதுக்கியது. பாட்டாளி மக்கள் கட்சி தொடங்கப்பட்டது அதற்குப் பிறகு, அதே ஆண்டு ஜூலையில். ஆகவே, நீங்கள் பெருமையோடு குறிப்பிடும் அந்த உரிமை, ‘நம்ம ஆள்’ என்று ஒருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியதால் வந்ததன்று. வீதியில் இறங்கிப் போராடியவர்களால், உயிரைக் கொடுத்தவர்களால் வந்தது. வன்னியர் அல்லாத ஒரு முதலமைச்சரின் கையெழுத்தில் வந்தது. வரும்போது நூறு சாதிகளுக்கும் சேர்த்தே வந்தது.

தேர்தல் கணக்குக்காகவே வந்த இட ஒதுக்கீடு ஒன்றும் உண்டு. அதன் கதையையும் பார்த்துவிடுவோம். அந்த 20 விழுக்காட்டுக்குள் வன்னியர்களுக்கு மட்டும் 10.5 விழுக்காட்டைப் பிரித்துக் கொடுத்த உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2021 பிப்ரவரி 26 அன்று பேரவையில் நிறைவேறியது. தேர்தல் ஆணையம் தேர்தல் தேதியை அறிவித்ததும் அதே நாளில்தான். எட்டு மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அதை ரத்து செய்தது; 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. ஒரு சமூகத்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்குவதற்கு வேண்டிய அண்மைக் காலத் தரவுகள் இல்லை என்றுதான் சொன்னது. தரவைத் திரட்ட ஓரிரு ஆண்டுகள் பொறுமையாக உழைத்திருந்தால் நின்றிருக்கக்கூடிய ஒரு சட்டத்தைக் கடைசி நாள் அவசரத்தில் கொண்டுவந்து, அதற்கு வெடி வெடித்துக் கொண்டாடவும் வைத்தவர்கள், உங்கள் சமூகத்தின் நலனை எண்ணினார்களா, அந்த ஏப்ரல் மாதத்து வாக்கை எண்ணினார்களா என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, மனு நகர்வது. இதை நான் மறுக்கப் போவதில்லை. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனுக் கொடுத்து, அது எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியாமல் திரும்புகிறவருக்கு, ‘நம்ம எம்.எல்.ஏ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்’ என்ற நினைப்பு பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை யாருக்குக் கிடைக்கிறது? ஒன்றியச் செயலாளரின் மைத்துனருக்குக் கிடைக்கிறது. ஒப்பந்த வேலை எடுப்பவருக்குக் கிடைக்கிறது. கல்யாணப் பத்திரிகையை எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி படைத்தவருக்குக் கிடைக்கிறது. அதே சாதியில் பிறந்து பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், தீபாவளிக்கும் தேர்தலுக்கும் மட்டும் ஊர் திரும்புகிறவருக்கு அது கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சிபாரிசு இல்லாமல் மனு நகராத அலுவலகம் அவருக்கும் கேடு, பக்கத்துத் தெருக்காரருக்கும் கேடு. நம்ம ஆள் தோற்றுவிட்டால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உங்களுக்கும் கேடு.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு தொகுதியில் எந்தச் சமூகத்தின் எண்ணிக்கை அதிகமோ, அந்தச் சமூகத்தவரையே முக்கியக் கட்சிகள் எல்லாம் வேட்பாளராக நிறுத்துவது நம் மாநிலத்தில் நெடுநாள் வழக்கமாகிவிட்டது. எதிரெதிராக நிற்கும் இருவருமே நம்ம ஆள் என்னும்போது, சாதியை வைத்து நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கட்சிகள் தேர்வுத் தாளிலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்ட பிறகும் நாம் அதற்கே விடை எழுதிக்கொண்டிருக்கிறோம். தனித் தொகுதியான அரூரில் பட்டியல் இனத்தவர் மட்டுமே போட்டியிட முடியும். அங்கே மற்றச் சமூகத்தவரும் வேறு ஏதோ ஒன்றைப் பார்த்துத்தான் வாக்களித்து வருகிறார்கள். அதனால் அவர்கள் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இனி வளர்ச்சிக்கு வருவோம். உங்கள் பென்னாகரம் வட்டத்தில் கோட்டூர் மலை இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போதுகூட அந்த மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாளிதழ்கள் அதை ஒரு வேடிக்கைப் படமாக வெளியிட்டன. எனக்கு அதில் வேடிக்கை தெரியவில்லை. வாக்கை வாங்க மலையேறிப் போக வழி கண்டுபிடித்த அரசுக்கு, பிரசவ வலி கண்ட பெண்ணை இறக்கிக் கொண்டுவரச் சாலை போட எத்தனை தேர்தல்கள் தேவைப்பட்டன என்பதைத்தான் அந்தப் படம் காட்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருக்க, தருமபுரி மாவட்டம் 68.5 விழுக்காட்டோடு கடைசி இடத்தில் நின்றது. இத்தனைக்கும் அந்த மாவட்டத்திலிருந்து நம்ம ஆட்கள் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகாமல் இருந்ததில்லை, அமைச்சர்களாகவும் இருந்திருக்கிறார்கள்.

மொரப்பூர் ரயிலைப் பற்றிச் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906-லேயே குறுகிய பாதையில் ரயில் ஓடியது. பிறகு அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அந்த 36 கிலோமீட்டர் பாதைக்குச் சுதந்திர இந்தியாவில் மீண்டும் அடிக்கல் நாட்டுவதற்கு 2019 ஆகிவிட்டது. அன்றைய தருமபுரி எம்.பி. அன்புமணி ராமதாஸ் இதற்காக முயன்றார் என்பதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடிக்கல் ரயிலாக மாறுவதற்கு இரண்டு வேலைகள் ஆண்டு தோறும் நடந்தாக வேண்டும். மாநில வருவாய்த் துறை நிலத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். ரயில்வே, எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பட்டியலிடும் தன் ‘பிங்க் புத்தக’த்தில் பணம் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டின் பல புதிய பாதைகளுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் பெயருக்கு ஒதுக்கப்பட்ட ஆண்டுகளும் உண்டு. ஆகவே நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சண்டை போட வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் எந்தக் கிராமத்தில் எத்தனை சர்வே எண்கள் பாக்கி என்று தாசில்தாரிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்கிறாரா என்று எந்த வாக்காளரும் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்ட ஒருவர் ஏன் மெனக்கெடப் போகிறார்? சென்னைக்குப் போக இன்றும் தருமபுரிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் மொரப்பூருக்கோ சேலத்துக்கோ போய்த்தான் ரயில் ஏறுகிறார்.

‘எல்லாக் கட்சியும் சொல்கிறது, வந்தபாடில்லை’ என்றீர்களே, வந்த ஒன்றையும் சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழுப்பேறிக் கோடு விழுந்த பற்களையும், நாற்பது வயதிலேயே மடக்க முடியாமல் போன முழங்கால்களையும் உங்கள் ஊர்த் தெருவிலும் பார்த்திருப்பீர்கள், காலனியிலும் பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியபோது அது சில காலம் கிடப்பில் போனது. ஜப்பான் நிறுவனத்தின் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வளர்ந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா கையால் திறக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று பரம எதிரிகளான இரண்டு ஆட்சிகள் தொடர்ந்து செய்து முடித்த வேலை அது. இரு மாவட்ட மக்களும் எல்லாக் கட்சிகளும் சாதி கடந்து ஒரே குரலில் கேட்டார்கள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. ஒகேனக்கல் உபரிநீரை ஏரிகளில் நிரப்ப வேண்டும் என்று பா.ம.க. கேட்கும்போதும் மற்றச் சமூகத்து விவசாயிகள் அதை வேறு கட்சியின் கோரிக்கை என்று ஒதுக்குவதில்லை.

ஓசூர் வளர்ந்த கதையும் இதுதான். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் உங்கள் மாவட்டம்தானே? 1970களில் அங்கே சிப்காட் வந்தது, பெங்களூர் அருகிலிருந்தது, நிலமும் மின்சாரமும் கிடைத்தன. இன்று உங்கள் பிள்ளைகள் கம்பெனிப் பேருந்தில் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள். தருமபுரியில் தடங்கம், அதகப்பாடி பக்கம் சிப்காட் என்ற அறிவிப்பு வந்தும் ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘வளர்ச்சி’ என்று சொல்லிச் சாதியை மூடி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊர்த் தெரு வரை வரும் தார்ச்சாலை காலனி முனையில் மண்பாதையாகிவிடுமானால் அதை வளர்ச்சி என்று நான் ஏற்கமாட்டேன். 2012 நவம்பர் 7 அன்று உங்கள் தருமபுரி மாவட்டத்தில், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் உள்ளிட்ட மூன்று குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகள் அவை. அந்த நெருப்பால் எந்த வன்னியர் வீட்டுக்கு ஒரு வேலை வந்தது, ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் வந்தது? சாதிக் கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், அதற்கேற்ப ஒதுக்கீடும் வேண்டும். அது அரசின் கடமை. சாதியைக் காட்டி ஓட்டுக் கேட்பது அதிலிருந்து முற்றிலும் வேறானது. வேட்பாளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்டாலும் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

கடைசியாக, மற்றவர்கள் விடாதபோது நாங்கள் மட்டும் ஏன் என்ற கேள்வி. கொங்கு மண்டலத்திலும் தென் மாவட்டங்களிலும் வேறு வேறு சாதிப் பெயர்களோடு இதே கேள்வி இந்தப் பக்கத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லோரும் அடுத்தவர் முதலில் விடட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஒரு தொகுதியில் எண்ணிக்கையில் பெரியவர்கள் யாரோ அவர்கள்தான் முதலில் விட முடியும், ஏனென்றால் விட்டாலும் அவர்களுக்கு இழப்பில்லை. எந்தக் கட்சியாலும் அவர்களை ஒதுக்கிவிட்டு வெல்ல முடியாது. சிறிய சமூகங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் தொகுதியில் அந்த இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்ற குற்றச்சாட்டுக்குப் பரிகாரமாக ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஆரத்தித் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் வேட்பாளர்கள் ஒவ்வொருவரிடமும், மொரப்பூர் பாதைக்கு இன்னும் எவ்வளவு நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதி அனுப்புங்கள். வேட்பாளர் பெயரோடும் கட்சிப் பெயரோடும் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.