மைத்துனர் தரும் பணம்: கடனா, பங்கா?

மைத்துனர் தன் சேமிப்பைத் தொழிலுக்குத் தர முன்வருகிறார், "நமக்குள் எழுத்தெல்லாம் எதற்கு" என்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், அந்தப் பேச்சை மட்டும் ஏற்காதீர்கள்.

முதலில் அது கடனா பங்கா என்று முடிவாகட்டும். கடன் என்றால் தொழில் படுத்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். பங்கு என்றால் நட்டத்தில் அவருக்கும் பாதிப்பு உண்டு; ஆனால் லாபம் வரும்போதெல்லாம் பங்கு கேட்பார், கணக்கும் கேட்பார். இதைப் பேசாமல் விட்டவர்கள்தான் பிற்பாடு கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

தொகை, வட்டி, தவணைத் தேதி, தவணை தவறினால் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடை திறந்த மறுமாதமே தவணை கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள், சில மாதம் தள்ளிக் கேளுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

அவர் மனைவிக்கு இது தெரியுமா? கேட்டுவிட்டு வாங்குங்கள்.