கோவில்பிள்ளைக்கு வேலை சொல்வது யார்?

கேள்வி: எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) நான் கமிட்டிச் செயலாளர். ஆலயத்தைப் பராமரிக்கும் பணியாளரான கோவில்பிள்ளை வேலைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நல்ல மனிதர், ஆனால் எந்த வேலையும் முழுதாக முடிவதில்லை. போன திருவிருந்து ஆராதனையில் மைக் வேலை செய்யவில்லை, பீட விரிப்பும் மாற்றப்படவில்லை. நீக்கிவிடலாம் என்கிறார்கள் கமிட்டியில் பாதிப்பேர். என்ன செய்வது?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: அன்புச் சகோதரருக்கு,

அவர் எதையெல்லாம் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைச் செய்ய வேண்டும் என்று அவரிடம் யார், எப்போது சொன்னார்கள் என்பது கடிதத்தில் இல்லை.

நான் ஒரு சபையில் பொருளாளராக இருந்தபோது இதே புகார் வந்தது. கோவில்பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் யார் யார் என்ன வேலை சொல்கிறார்கள் என்று எழுதிவரச் சொன்னேன். ஒன்பது பேர் இருந்தார்கள். குருவானவர், அவர் மனைவி ஐயரம்மா, பாடகர் குழுத் தலைவர், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர், கல்யாண வீட்டார் என்று நீண்டது பட்டியல். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு, பெஞ்சு துடைக்க வேண்டிய நேரத்தில், ஒரு வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கிப் போயிருக்கிறார். அது என் வீடு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேதாகமத்தில் எண்ணாகமம் 4-ஆம் அதிகாரத்தை வெறும் பட்டியல் என்று பலரும் தாண்டிப் போய்விடுகிறோம். இஸ்ரவேலர் வனாந்தரப் பயணத்தில் கொண்டுசென்ற ஆராதனைக் கூடாரத்தின் பலகை, தாழ்ப்பாள், தூண், முளை, கயிறு என எல்லாம் லேவியரான மெராரி குடும்பத்தாரிடம் பேர்பேராக ஒப்புவிக்கப்படுகின்றன. 7-ஆம் அதிகாரத்தில், பாரமான பலகைகளைச் சுமந்த அவர்களுக்கு நான்கு வண்டிகள், எட்டு மாடுகள். திரைகளைச் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டிகள், நான்கு மாடுகள். சுமைக்குத் தக்க வண்டி! உங்கள் மைக்குக்கு பேட்டரி வாங்க அவர் கையில் பணம் இருந்ததா? மாற்று விரிப்பு இருக்கும் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது? கமிட்டியில் முதலில் இதைக் கேளுங்கள்.

பிறகு குருவானவரும் நீங்களும் அவரை உட்காரவைத்துப் பேசி எழுதுங்கள். 'ஆலயம் சுத்தமாக இருக்க வேண்டும்' என்று எழுதினால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? 'சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் பெஞ்சுகளைத் துடைத்து, விரிப்பு மாற்றி, மைக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்' என்று எழுதுங்கள். இத்தனை வேலைக்கு நேரம் போதுமா என்று அவரையே கேளுங்கள். போதாது என்றால் எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். வேலை சொல்வது ஒருவராக இருக்கட்டும். மற்றவர்கள் அவர் வழியாகவே சொல்லட்டும், ஐயரம்மா உட்பட. ஞாயிறு அவருக்கு வேலை நாள். ஆகவே வாரத்தில் வேறொரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். அன்று போன் செய்யாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் பேசுங்கள். குறையைக் கமிட்டி நடுவிலோ, ஆராதனை முடிந்து வாசலிலோ சொல்ல வேண்டாம்; அவர் பிள்ளைகளும் அதே சபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து ஆறு மாதம் கழித்தும் வேலை நடக்கவில்லை என்றால் நீக்குவதைப் பற்றிப் பேசலாம். இப்போது அந்தப் பேச்சை எடுப்பது அநியாயம். அறுப்பின் பண்டிகை வேலைகள் தலைக்கு மேல் வருவதற்குள் அந்தத் தாளை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். கூடவே பீரோ சாவியையும்.