தோல் மருத்துவரும் தொடர்கல்வியும்: கேட்டவையும் சொன்னவையும்

முப்பது ஆண்டுகளாகத் தோல் நோயாளிகளைப் பார்க்கிறேன். அதில் பாதிக் காலம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். தொடர் மருத்துவக் கல்வி, அதாவது சி.எம்.இ., பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

சார், படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. மாநாடுகளுக்குப் போகிறேன், கிரெடிட் சேர்கிறது. ஆனால் இரண்டு வாரத்தில் எல்லாம் மறந்துபோகிறது. தப்பு என் மேலா?

உங்கள் மேல் இல்லை. உட்கார்ந்து கேட்டது எல்லோருக்கும் மறக்கும். கருத்தரங்கு, பயிலரங்கு போன்றவற்றால் மருத்துவர்களின் நடைமுறை எவ்வளவு மாறுகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் பார்த்தது. கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய 7 சதவீதப் புள்ளி. வீண் என்று தள்ளவும் முடியாது, கொண்டாடவும் முடியாது.

நான் செய்வது இதுதான். கூட்டம் முடிந்து கிளம்புவதற்கு முன்பே, நாளைக்கு என் ஓ.பி.யில் என்ன மாறப்போகிறது என்று ஒரே ஒரு விஷயத்தை எழுதிக்கொள்வேன். ‘சொரியாசிஸ் பற்றி நிறைய தெரிந்துகொண்டேன்’ என்பது செல்லாது. ‘மெதோட்ரெக்ஸேட் சீட்டில் வாரம் ஒரு முறை என்பதோடு எந்தக் கிழமை என்றும் எழுதுவேன்’ என்பது செல்லும். வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய அந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. ஒரு மாதம் கழித்துச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். செய்திருக்கிறோமா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

எனக்கு 25 வருட அனுபவம். பார்த்ததுமே நோய் தெரிந்துவிடும். எனக்கும் இதெல்லாம் அவசியமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் எனக்கும்தான் அதிக அவசியம். 2005இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில், அனுபவ ஆண்டுகள் கூடக் கூட, அளந்த எல்லா விஷயத்திலும் மருத்துவர்களின் தரம் குறைந்தே இருந்தது. அது எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு. ஆனால் பார்வையை நம்பியே இருக்கும் நம் துறை அதிலிருந்து தப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் கதையையே சொல்கிறேன். வட்டமாகச் சிவந்து, ஓரம் மங்கலாக இருந்த ஒரு தடிப்பைப் பார்த்ததும் எக்ஸிமா என்று முடிவுகட்டி ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தேன். மூன்றாவது வருகையில், என்னுடன் இருந்த மாணவி தயங்கித் தயங்கி, ‘சார், சுரண்டி கே.ஓ.எச். போட்டுப் பார்க்கலாமா?’ என்றார். தோல் செதிலை ஒரு காரக் கரைசலில் நனைத்து, பூஞ்சை இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை அது. ஸ்லைடு முழுக்கப் பூஞ்சை இழை. ஏற்கெனவே எங்கோ வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு படர்தாமரையின் முகத்தையே மாற்றியிருந்தது, நான் அதற்கு மேலும் ஊற்றியிருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பயாப்ஸி அனுப்பும் முன் என் முடிவு என்ன, எத்தனை சதவீதம் உறுதி என்று எழுதிவிடுவேன். ரிப்போர்ட் வந்ததும் பக்கத்தில் அதைக் குறிப்பேன். முதல் வருடம் ‘90 சதவீதம்’ என்று எழுதிய இடங்களில் எத்தனை தவறு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எந்த மாநாடும் எனக்கு அவ்வளவு கற்றுத்தரவில்லை.

டெர்மாஸ்கோப் வாங்கிவிட்டேன். இனி பயிற்சி எடுக்க வேண்டுமா, பார்த்துப் பார்த்தே பழகிவிடுமா?

பழகாது. தோலைப் பெரிதாக்கி, வெளிச்சம் போட்டுக் காட்டும் கைக்கருவிதான் டெர்மாஸ்கோப். பயிற்சி இல்லாதவர் கையில் அது இருந்தால், வெறும் கண்ணால் பார்ப்பதைவிடத் தீர்ப்பு மோசமாகலாம் என்று 1990களிலேயே ஆய்வு காட்டிவிட்டது. கருவி நிறையக் காட்டும், எதை விடுவது என்று சொல்லாது.

எல்லோரும் மெலனோமாவில், அதாவது நிறமி செல்களில் வரும் தோல் புற்றில், ஆரம்பிக்கிறார்கள். அது அபூர்வமாக வருகிற ஓ.பி. என்றால் கைப்பழக்கம் வருவதற்குள் ஆர்வம் போய்விடும். அன்றாடம் வருவதில் தொடங்குங்கள். சிரங்கில், பூச்சி தோலுக்குள் தோண்டிய வளையின் நுனியில் சிறிய கரும் முக்கோணமாக அதன் தலைப்பகுதி தெரியும். லைக்கன் பிளானஸில் (அரிக்கும் ஊதாத் தடிப்புகள் வரும் நோய்) வெள்ளைக் கோட்டு வலை. சொரியாசிஸில் ஒரே சீராகப் பரவிய புள்ளி ரத்தக்குழாய்கள். இவற்றில் கண் தேறிய பிறகு மச்சங்களுக்குப் போங்கள். உள்ளங்காலில் நிறமி தோலின் பள்ளக் கோடுகளில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை, மேட்டுக் கோடுகளில் ஓடினால் பயாப்ஸிக்கு யோசியுங்கள்.

அப்புறம் ஒன்று. மேற்பரப்பின் கண்கூசலை நீக்கும் போலரைஸ்டு வெளிச்சத்தில் தெரியும் பளபளக்கும் வெள்ளைக் கோடுகள் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. செபோரிக் கெரடோசிஸில் (வயதானவர்களுக்கு வரும் தீங்கற்ற தோல் வளர்ச்சி) தெரியும் மிலியா போன்ற வெண்புள்ளிகள் இதற்கு நேர்மாறு, அவை சாதாரண வெளிச்சத்தில்தான் எடுப்பாகத் தெரியும். கருவியில் இரண்டு வசதியும் இருந்தால் இரண்டிலும் பாருங்கள். பொத்தான் அதற்குத்தான்.

பாடப் படங்களில் இருப்பது எல்லாம் வெள்ளைத் தோல். கருந்தோலில் நோய் அப்படியே இருக்கிறதா?

இல்லை. இந்தத் தொகுப்பில் நல்ல கேள்வி இதுதான். ‘சிவப்பு’ என்று படித்ததைக் கருந்தோலில் தேடினால் கிடைக்காது. ஊதாவாகவோ, அடர் பழுப்பாகவோ, சாம்பலாகவோ இருக்கும். செந்தடிப்பின் அளவை வைத்து மதிப்பெண் போடும் அளவுகோல்கள் கருந்தோலில் நோயைக் குறைத்துக் காட்டுவது இதனால்தான். நிறத்தைக் கண்ணால் தேடுவதோடு விடாதீர்கள், தொட்டுப் பாருங்கள். சூடு, தடிப்பு, சொரசொரப்பு மூன்றுக்கும் நிறம் கிடையாது.

மெலனோமாவும் அப்படித்தான். மச்சத்தின் சமச்சீரின்மை, ஓரம், நிறம், விட்டம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி 1985இல் வந்த ஏ-பி-சி-டி விதியை (2004இல் மாற்றத்தைக் குறிக்கும் ‘ஈ’யும் சேர்ந்தது) எல்லோரும் ஒப்பிப்போம். ஆனால் கருந்தோல்காரர்களுக்கு வரும்போது மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்ததும் அதுதான். எத்தனை பேர் நோயாளியின் சாக்ஸைக் கழற்றச் சொல்கிறோம்?

ஒரு பயிலரங்குக்குப் பணம் கட்டும் முன், படங்களில் எத்தனை தோல் நிறங்கள் இருக்கும் என்று அமைப்பாளரைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் விழித்தால் அதுவே பதில்.

மருந்து கம்பெனி நடத்தும் சி.எம்.இ.க்குப் போகலாமா மேடம்?

மேடம் இல்லை, சார்! போகலாம், கேட்கவும் செய்யலாம். ஆனால் கேட்டு வந்ததற்கு மூல ஆய்வைத் திறந்து பாருங்கள்: யாரைச் சேர்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள்? எக்ஸிமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஜாக் (JAK) தடுப்பான் மருந்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள், இவை உடலில் அழற்சியைத் தூண்டும் ஜாக் என்சைம்களைத் தடுப்பவை. 2021இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதயநோய், புற்றுநோய், ரத்தக்கட்டு என்று எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 50 வயதைத் தாண்டிய, இதயநோய் ஆபத்து ஒன்றாவது உள்ள முடக்குவாத நோயாளிகள். ‘நம் எக்ஸிமா இளைஞனுக்குப் பொருந்தாது’ என்று விற்பவர் சொல்வார். ‘தொடவே கூடாது’ என்று பயந்தவர் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வயது, புகைப்பழக்கம், பழைய ரத்தக்கட்டு இவற்றைக் கேட்காமல் இரண்டு பேர் சொல்வதையும் ஏற்காதீர்கள்.

நான் பொது மருத்துவர். தோலுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும்.

கே.ஓ.எச். சோதனை, சிரங்கு, மருந்து ஒவ்வாமையின் அபாய அறிகுறிகள். இந்த மூன்று போதும்.

சிரங்கில் பலரும் சறுக்கும் இடம், மருந்து போட்ட பின்னும் நான்கு வாரம் வரை அரிப்பு நீடிக்கலாம் என்பது. அதைத் தோல்வி என்று நினைத்து மருந்தை மாற்றிக்கொண்டே போவார்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தராததுதான் உண்மையான தோல்வி. மருந்து ஒவ்வாமையில், வாயிலும் கண்ணிலும் புண், தொட்டால் தோல் வலி, காய்ச்சல், முகவீக்கம் என்று எது இருந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி கற்று என்ன பயன்?

2017இல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,29,450 படங்களில் பழக்கிய நிரல் 21 தோல் மருத்துவர்களுக்குச் சமமாக நின்றது. பிறகு, படத்தில் அளவுகோல் இருந்தால் புற்று என்று சொல்லும் சாய்வு அதற்கு இருப்பதும் தெரியவந்தது. சந்தேகக் கட்டிக்குத்தானே நாம் ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கிறோம்! இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிக்கவாவது நமக்குத் தோல் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் துறையில் மாதக் கூட்டம் நடத்தும் பொறுப்பு என்னிடம். பாதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள்.

விடையைக் கடைசி ஸ்லைடுக்குத் தள்ளுங்கள். படத்தையும் நோய் வரலாற்றையும் காட்டி, ஒவ்வொருவரும் தன் முடிவைத் துண்டுச் சீட்டில் பெயரோடு எழுதித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். அப்புறம் பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைக் காட்டட்டும். முதல் மாதம் சீனியர்களிடமிருந்து முணுமுணுப்பு வரும். உங்கள் சீட்டை நீங்களே முதலில் சத்தமாகப் படியுங்கள், முடிந்தால் தவறான ஒன்றாக.